அவசரப்படும் விளக்கு என்ன சொல்கிறது?

சென்ற பொங்கல் விழா முடிந்து, சர்க்கரைப் பொங்கலும் வடையும் சாப்பிட்ட களைப்பில் எல்லோரும் நம் சங்க வாசலில் நின்று பேசிக் கொண்டிருந்தோம். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் என் தோளைத் தட்டி, "சார், நீங்க சிக்னல் டிபார்ட்மெண்ட் ஆளு. என் வண்டியைக் கொஞ்சம் வந்து பாருங்க" என்று அழைத்துப் போனார்.

காரில் உட்கார்ந்து, டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் போட்டிருக்கும் பட்டனை அமுக்கினார். நான்கு மூலையிலும் இண்டிகேட்டர்கள் மின்ன ஆரம்பித்தன. ஹசார்ட் லைட் என்று புத்தகத்தில் போட்டிருக்கும்; நம்மில் பலர் 'டபுள் இண்டிகேட்டர்' என்போம்; இங்கே நாக்பூரில் மெக்கானிக்குகள் 'பார்க்கிங் லைட்' என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் அது நிதானமாக 'டிக்... டிக்...' என்று அடிக்க வேண்டும். நண்பரின் காரிலோ தேள் கொட்டியவன் போல 'டிக்டிக்டிக்' என்று துடித்தது. போன வாரம்தான் பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டிருக்கிறார். அன்று முதல் இந்தத் தொல்லை.

அதற்குள் அங்கே ஐந்து பேர் கூடிவிட்டோம். ஐந்து தமிழர் கூடினால் ஆறு அபிப்பிராயம். ரிலே போயிருக்கும் என்றார் ஒருவர். எர்த் சரியில்லை என்றார் இன்னொருவர். பேட்டரி வீக் என்றார் மற்றொருவர். "வேகமா மின்னினா நல்லதுதானே சார், பளிச்னு தெரியும்" என்றார் ஓர் இளைஞர். கடைசியாக ஒருவர், "ரொம்ப சிம்பிள். ஆளுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டுவிட்டால் வாயை மூடிக்கொண்டு ஒழுங்காக மின்னும்" என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் மட்டும் தலையாட்டவில்லை. "இதை நின்றுகொண்டே சொல்ல முடியாது, நம் பத்திரிகையில் எழுதுகிறேன்" என்றேன். அந்த 'வாயை மூடிக்கொண்டு' என்ற சொற்கள்தான் என்னை எழுத வைத்தன. ஏனென்றால் அதே ரெசிஸ்டரை என் காரிலும் ஒரு காலத்தில் போட்டிருந்தேன். அதனால் என் பேத்தியின் உயிரே போயிருக்கும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1981-இல் திருநெல்வேலிப் பக்கம் டிப்ளமா முடித்தேன். 1983-இல் மத்திய ரயில்வேயில் சிக்னல் பகுதியில் சேர்ந்து, பல்லார்ஷா, பேதூல், ஆம்லா, அஜ்னி என்று இந்த டிவிஷனிலேயே 38 வருஷம் சுற்றி, 2021-இல் சீனியர் செக்‌ஷன் இன்ஜினீயராக ஓய்வு பெற்றேன். பட்டம் பெற்ற பெரிய இன்ஜினீயர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் உண்டு. நான் ஸ்க்ரூ டிரைவரும் மீட்டரும் பிடித்த ஆள். ஆனால் ஒரு விளக்கு எரிகிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்காமலே தெரிந்து கொள்வது எப்படி என்ற ஒரு விஷயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். வாழ்நாள் முழுக்க அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

முதலில், அது ஏன் துடிக்கிறது என்று பார்ப்போம்.

சாதாரணக் காரில் ஒரு பக்கத்து இண்டிகேட்டருக்கு முன்னால் ஒரு 21 வாட் பல்பு, பின்னால் ஒரு 21 வாட் பல்பு, பக்கவாட்டில் ஒரு 5 வாட் பல்பு. ஆக 47 வாட். 12 வோல்ட்டில் இது ஏறக்குறைய 4 ஆம்பியர். இந்த மின்னோட்டத்தை விட்டுவிட்டுக் கொடுப்பது ஃப்ளாஷர் என்ற சிறு பெட்டி. நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமல் 120-க்கு மிகாமல் மின்ன வேண்டும் என்பது விதி.

ஃப்ளாஷரின் வேலை மின்னச் செய்வது மட்டும் அல்ல. தன் வழியாக எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்றும் அது அளந்து கொண்டே இருக்கிறது. பின்னால் ஒரு பல்பு போய்விட்டால் 47 வாட் 26 ஆகிவிடும். உடனே ஃப்ளாஷர் தாளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, டிரைவரிடம் 'ஐயா, ஒரு பல்பு செத்துவிட்டது, இறங்கிப் பார்' என்கிறது. டிரைவர் சீட்டில் இருப்பவருக்குத் தன் காரின் பின்பக்கம் தெரியாது. அவருக்காகப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் வேலைக்காரன் இந்த 'டிக்டிக்'. பழைய அம்பாசடரிலும் ஃபியட்டிலும் சூடேறும் கம்பி வைத்த தகர டப்பா இருந்ததே, அதிலும் பல்பு போனால் தாளம் மாறும். இப்போது எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் அதையே சுத்தமாகச் செய்கிறது. இன்னும் புதிய கார்களில் தனி ரிலேயே கிடையாது; வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அந்த வேலை நடக்கிறது.

இப்போது எல்.இ.டி.க்கு வருவோம். 21 வாட் பல்பு இருந்த இடத்தில் 4 வாட் எல்.இ.டி. போடுகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 4, 4, பக்கவாட்டு 5. மொத்தம் 13 வாட். ஃப்ளாஷர் என்ன நினைக்கும்? இரண்டு பெரிய பல்பும் காலி என்று நினைத்து அலறும். ஹசார்ட் போட்டால் பழைய பல்புகளில் 94 வாட் போகும், எல்.இ.டி.யில் 26 வாட்தான். ஒரு பக்கத்தில் ஒரு பல்பு செத்தால் இருக்குமே, அதே 26! அதனால் ஹசார்டும் துடிக்கிறது. பேட்டரி வீக்கும் இல்லை, எர்த்தும் சரியாகத்தான் இருக்கிறது. ஃப்ளாஷர் பொய் சொல்லவும் இல்லை. தனக்குக் கற்றுக் கொடுத்த கணக்கை அது ஒழுங்காகப் போடுகிறது. நாம்தான் கணக்கை மாற்றிவிட்டு அதனிடம் சொல்லவில்லை.

நம் சங்கத்தில் பாதிப் பேர் பென்ஷன்தாரர்கள். நமக்குச் சட்டென்று புரிகிற மாதிரி சொன்னால், இது உயிர்ச்சான்றிதழ் சமாசாரம். வருஷா வருஷம் நவம்பரில் பாங்க்குக்குப் போய் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று கைரேகை வைக்கிறோம் அல்லவா? ஒவ்வொரு பல்பும் தன் மின்னோட்டத்தின் மூலம் ஒவ்வொரு மின்னலிலும் அந்தச் சான்றிதழைக் கொடுக்கிறது.

ரயில்வே சிக்னலிலும் இதே கதைதான். சிக்னல் கம்பத்து விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரிலே உண்டு. எங்கள் பாஷையில் ஈ.சி.ஆர். விளக்கு எரிந்தால் மின்னோட்டம் போகும், ரிலே மேலே நிற்கும். விளக்கு செத்தால் ரிலே கீழே விழும், ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் தெரிந்துவிடும். சிவப்பு விளக்கே செத்துவிட்டால் இன்னும் ஒரு படி மேலே போய், அதற்கு முந்தைய சிக்னலைப் பச்சையோ மஞ்சளோ ஆக விடாமல் சிவப்பிலேயே பிடித்து வைக்கும். எரியாத சிவப்பை நம்பி எந்த டிரைவரும் மோசம் போகக் கூடாது என்பதற்காக.

2000-க்குப் பிறகு எங்கள் பகுதிகளிலும் இழை பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. சிக்னல் போட்டோம். அப்போது எங்களுக்கும் இதே பிரச்சினைதான். ஈ.சி.ஆர். பழைய பல்பின் மின்னோட்டத்துக்குப் பழகியது, எல்.இ.டி. வேறு மாதிரி. ரயில்வே என்ன செய்தது? ரிலேக்கு எதையாவது போட்டுக் காட்டி ஏமாற்றிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. எல்.இ.டி. சிக்னலோடு சேர்த்து ஒரு மின்னோட்ட ரெகுலேட்டரையும் வடிவமைத்தார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் எல்.இ.டி.கள் செத்தால் மின்னோட்டம் குறைந்து ரிலே விழுந்தே தீர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். விளக்கு மாறியது, உயிர்ச்சான்றிதழ் மாறவில்லை. இந்த ஒன்றைத்தான் கார்க்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இவ்வளவு தெரிந்த நான் என்ன செய்தேன் என்று இனி சொல்கிறேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

2022-இல், ஓய்வு பெற்ற மறு வருஷம், என் பழைய சிறு காருக்கு எல்லா இடத்திலும் எல்.இ.டி. போட்டேன். இண்டிகேட்டர் துடித்தது. பல்பு விற்ற கடையிலேயே ஒரு பையன் இருந்தான். "அங்கிள், டென்ஷனே வேண்டாம், அரை மணி நேரம்" என்று ஹிந்தியில் சொல்லி, தங்க நிறத்தில் பளபளக்கும் நான்கு ரெசிஸ்டர்களை எடுத்து, ஒவ்வொரு இண்டிகேட்டருக்கும் ஒன்றாக இணைத்தான். தாளம் பழையபடி ஆனது. எனக்குப் பரம திருப்தி. முப்பத்தெட்டு வருஷம் ரிலே பார்த்தவன், ரெசிஸ்டர் எந்த இடத்தில் கட்டப்பட்டது என்று கூடக் குனிந்து பார்க்கவில்லை. கடைக்குப் போனதும் நானும் ஒரு வாடிக்கையாளன் ஆகிவிட்டேன்.

ஜூலை மாதம். ஹிங்கண்காட்டில் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு நானும் மனைவியும் ஆறு வயதுப் பேத்தியும் திரும்பி வருகிறோம். ஜாம் தாண்டி 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், மழைத் தூறலில், இருட்டுகிற நேரத்தில் பின் டயர் பங்க்சர். ஓரம் கட்டினேன். ஓரத்தில் சேறு, அதனால் வண்டியின் வலது பாதி தார் ரோட்டிலேயே நின்றது. ஹசார்ட் பட்டனை அமுக்கினேன். டாஷ்போர்டில் இரண்டு பச்சை அம்பும் நிதானமாக மின்னின. 'டிக்... டிக்...' நிம்மதியாக இறங்கி டிக்கியைத் திறக்கப் போனேன். பேத்தி பின் சீட்டில் தூங்கிக் கொண்டிருந்தாள்.

பின்னால் ஒரு லாரி பிரேக் அடித்து, ஈர ரோட்டில் வால் கொஞ்சம் இழுத்துப்போய், என் காருக்கு ஒரு பத்தடி முன்னால் நின்றது. டிரைவர் குதித்து இறங்கி ஹிந்தியில் திட்டத் தொடங்கினார். என் மனைவி அலறியடித்துக் குழந்தையை வெளியே இழுத்து, "முருகா, முருகா" என்று நடுங்குவதைப் பார்த்ததும் அவர் குரல் மாறிவிட்டது. நாமக்கல் வண்டி.

"ஏனுங்கம்மா, நம்மூருங்களா? ஐயா, உங்க வண்டியில லெப்ட் சைடு மட்டுந்தானுங்க மின்னுது. ரைட்டு செத்துக் கெடக்குது. ஓடற வண்டி லெப்ட்டுல ஒதுங்குதுன்னு நெனச்சு நான் வேகத்தைக் கொறைக்கலீங்க. கிட்ட வந்தப்புறந்தான் நின்ன வண்டின்னு தெரிஞ்சுது. கொழந்தைய வெச்சுக்கிட்டு இப்படி நிக்கலாமுங்களா?"

அவர்தான் தன் லாரியைப் பின்னால் அணையாக நிறுத்தி, டயர் மாற்றவும் உதவினார். ஒரு டீக்குக் கூடக் காசு வாங்கவில்லை. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து டிக்கியின் உட்புறத் தட்டியைக் கழற்றினேன். வலது பின் எல்.இ.டி. செத்திருந்தது. ரெசிஸ்டரை இரும்பு உடம்பில் பதிக்காமல், பிளாஸ்டிக் பட்டையால் வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தான் அந்தப் பையன். வயரின் தோல் பழுப்பேறி, ஹோல்டர் இளகிப் போயிருந்தது. அந்தச் சூட்டில்தான் எல்.இ.டி. உயிரை விட்டிருக்க வேண்டும்.

ஆனால் டாஷ்போர்டு ஏன் நிதானமாக மின்னியது? எல்.இ.டி. செத்தாலும் பக்கத்தில் கட்டிய ரெசிஸ்டர் சாகவில்லை. அது தன் பாட்டுக்கு 2 ஆம்பியர் இழுத்துக் கொண்டே இருந்தது. ஃப்ளாஷருக்கு அது போதும். செத்தவர் பெயரில் யாரோ வருஷா வருஷம் உயிர்ச்சான்றிதழ் கொடுத்துப் பென்ஷன் வாங்குவது போல!

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பல்பே இருந்தாலும், நான்கில் ஒன்று போனதை ஹசார்ட் போட்ட நேரத்தில் ஃப்ளாஷர் கண்டுபிடித்திருக்காது. 94 வாட் 73 ஆகும், அது அதற்குப் போதுமான அளவுதான். ஆனால் அன்று காலையிலிருந்து பத்துத் தடவையாவது வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டிருப்பேன். அதில் முதல் தடவையே 'டிக்டிக்' என்று சொல்லியிருக்கும். சொல்ல விடாமல் அதன் வாயைக் கட்டியவன் நான்.

இப்போது ரெசிஸ்டர் கணக்கையும் பாருங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 ஓம், 50 வாட். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், 24 வாட். அதாவது கழற்றிப் போட்ட 21 வாட் பல்பை விட அதிகம்! என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் வந்தால் 33 வாட்டுக்குப் போகும். ஹசார்ட் போட்டால் நான்கு ரெசிஸ்டருக்கு 8 ஆம்பியர், எல்.இ.டி.களுக்கும் பக்கவாட்டுப் பல்புகளுக்கும் 2 ஆம்பியர், ஆக 10. பழைய பல்புகளோ 8 ஆம்பியருக்குள் அடங்கின. மின்சாரம் மிச்சம் என்று எல்.இ.டி. போட்டு, அதைவிட அதிகமாகச் செலவு செய்து, அதையும் வெளிச்சமாக இல்லாமல் வெறும் சூடாக டிக்கிக்குள் கொட்டுகிறோம். வண்டி நின்றுபோய் பேட்டரியை மட்டும் நம்பி ஹசார்ட் போடும் நேரத்தில்தான் இந்த நஷ்டம் தெரியும்.

அப்படியானால் என்னதான் செய்வது? என் அபிப்பிராயத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வழி, இண்டிகேட்டர் நான்கிலும் பழைய இழை பல்பையே திரும்பப் போடுவது. நான் அதைத்தான் செய்தேன். கார் உள்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு ஆகியவற்றில் எல்.இ.டி. அப்படியே இருக்கிறது, என் காரில் அவற்றை யாரும் வேவு பார்ப்பதில்லை. கண்ணாடி வெள்ளையாக இருந்தால் ஆரஞ்சு நிறப் பல்புதான் போட வேண்டும். ஆரஞ்சுப் பல்பின் இரண்டு முளைகளும் நேர் எதிராக இல்லாமல் சற்றுத் தள்ளியிருக்கும். வெள்ளைப் பல்பை மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி, பலவந்தமாகத் திருகாதீர்கள்.

இரண்டாவது வழி, எல்.இ.டி.தான் வேண்டும் என்பவர்களுக்கு. தனி ஃப்ளாஷர் ரிலே உள்ள வண்டியாக இருந்தால், அந்த ரிலேயையே எல்.இ.டி.க்கு உரியதாக மாற்றுங்கள். மின்னோட்டம் எவ்வளவு குறைந்தாலும் அது ஒரே தாளத்தில் அடிக்கும். ரிலேயின் கால்களில் 49, 49ஏ, 31 என்று எண் போட்டிருக்கும். 49 மின்சாரம் உள்ளே வருவது, 49ஏ விளக்குக்குப் போவது, 31 எர்த். பழையதில் உள்ள வரிசைதான் புதியதிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள். ரெசிஸ்டர் இல்லை, சூடு இல்லை, வயர் வெட்டும் வேலை இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த ரிலேயும் ஊமைதான்; பல்பு போனால் சொல்லாது. அந்த வேலை இனி உங்கள் தலையில். வாரம் ஒரு முறை இறங்கிச் சுற்றி வந்து பார்க்க முடியும் என்றால் மட்டும் இந்த வழி.

மூன்றாவது, கம்ப்யூட்டர் பெட்டி வைத்த புதிய வண்டிகள். அவற்றில் மாற்றுவதற்கு ரிலே இருக்காது. சில வண்டிகளில் கம்பெனிக் கருவியை வைத்து எல்.இ.டி. என்று அமைப்பை மாற்ற முடியும். முடியாவிட்டால் தொடாதீர்கள், வாரண்டியும் போய்விடும். தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. வைத்து வந்த வண்டிக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. அதில் விளக்கையும் ஃப்ளாஷரையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே வடிவமைத்திருப்பார்கள்.

ரெசிஸ்டர் போட்டே தீருவேன் என்பவர், அதை வண்டியின் இரும்புத் தகட்டில் ஸ்க்ரூ போட்டுப் பதியுங்கள். வயரையும் பிளாஸ்டிக்கையும் விட்டுத் தள்ளி வையுங்கள். அதற்குமேல் நான் சொல்ல விரும்பவில்லை.

இன்னும் ஒரு விசித்திரமும் நேரலாம். சில பழைய வண்டிகளில் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து டாஷ்போர்டில் ஒரே ஒரு அம்புப் பல்புதான். அது ஒரு பக்கத்து வயருக்கும் மறு பக்கத்து வயருக்கும் நடுவில் தொங்குகிறது. எல்.இ.டி. போட்டதும், இடது இண்டிகேட்டர் போட்டால் நான்கும் சேர்ந்து மின்னும். பேய் பிடித்ததாக நினைக்க வேண்டாம். அந்தச் சிறு பல்பின் வழியாக மின்சாரம் மறுபக்கம் கசிகிறது, எல்.இ.டி.க்கு அந்தக் கசிவே போதும். இரண்டு டயோடு போட்டு எர்த் கொடுத்தால் தீர்ந்தது. நல்ல எலக்ட்ரீஷியன் செய்துவிடுவார்.

"எல்.இ.டி. நல்ல பொருள்தானே, அதை ஏன் இப்படி விரட்டுகிறீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். நல்ல பொருள்தான். இழை சூடாகிப் பிரகாசிக்க ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும், எல்.இ.டி. கணத்தில் எரியும். பின்னால் 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு 0.2 விநாடி என்பது ஐந்து மீட்டருக்கும் மேல். பிரேக் விளக்கில் அந்த ஐந்து மீட்டர் ஓர் உயிர். ஆனால் அது எல்.இ.டி.க்கென்றே செய்த விளக்கில். இழை பல்புக்காக வளைத்த கண்ணாடிக் கிண்ணத்தில் வேறு உருவத்தில் ஒரு எல்.இ.டி.யைத் திணித்தால், வெளிச்சம் போக வேண்டிய திசையில் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கடையில் கையில் பிடித்துப் பார்க்கும்போது கண் கூசும். முப்பது அடி பின்னால் நின்று பார்த்தால் பழைய பல்பே தேவலை என்று இருக்கும். வாங்கினால் அப்படிப் பின்னால் போய் நின்று பார்த்து வாங்குங்கள்.

ஹசார்ட் லைட்டை எடுத்த பிறகு அதன் உபயோகத்தையும் இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம்மவர்கள் நாற்சந்தியில் நேராகப் போக ஹசார்ட் போடுகிறார்கள். மழை வந்தால் ஓடுகிற வண்டியிலேயே போடுகிறார்கள். அது எரியும்போது நீங்கள் இடமா வலமா என்று இண்டிகேட்டர் போட்டாலும் யாருக்கும் தெரியாது. ரயில் என்ஜினின் நெற்றியில் ஓர் ஆரஞ்சு ஃப்ளாஷர் விளக்கு உண்டு. தடத்தில் ஆபத்து என்றால் டிரைவர் அதைப் போடுவார். பக்கத்துத் தடத்தில் எதிரே வரும் டிரைவர் அதைக் கண்டதும் வண்டியை நிறுத்துவார். எல்லா டிரைவரும் அழகுக்காக அதைப் போட்டுக்கொண்டே ஓடினால், ஆபத்து நேரத்தில் எவர் நிறுத்துவார்? 2025 ஜூனில் முழுவதும் திறந்துவிட்ட நம் நாக்பூர்-மும்பை சம்ருத்தி சாலை 701 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓரத்தில் நிற்கும் வண்டிக்கு ஹசார்ட் லைட் ஒன்றுதான் வாய். அதை நின்ற வண்டிக்கென்றே வைத்திருப்போம்.

கடைசியாக ஒன்று. 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவில் பாஹாநகா பஜாரில் நடந்த ரயில் விபத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 290-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். சிக்னல் வயரிங்கில் மாற்றம் செய்தபோது நேர்ந்த தவறுகளே காரணம் என்று விசாரணையில் வந்தது. என் வாழ்நாள் இலாகா அது. அந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரில் ஒரு பல்பு மாற்றுவதை அதோடு ஒப்பிடவில்லை. ஆனால் வேலையின் மனப்பான்மை ஒன்றுதான். எச்சரிக்கை மணி அடித்தால், 'ஏன் அடிக்கிறது' என்று கேட்பவன் ஒரு ரகம். 'எப்படி நிறுத்துவது' என்று கேட்பவன் இன்னொரு ரகம். நாம் எந்த ரகம் என்பதை யாரும் பார்க்காத நேரத்தில், டிக்கித் தட்டிக்குப் பின்னால் கட்டும் ஒரு வயரில்தான் தீர்மானிக்கிறோம்.

பொங்கல் அன்று கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான்: உங்கள் கார் கெட்டுப்போகவில்லை. அது உங்களிடம் பேசுகிறது. இண்டிகேட்டரில் பழைய பல்பைப் போட்டுவிட்டு, அதைப் பேச விடுங்கள்.

மற்ற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஐந்து நிமிடம் முன்னதாக வாருங்கள். ஒருவர் காரில் உட்கார்ந்து ஹசார்ட், இடது, வலது, பிரேக் என்று வரிசையாகப் போடட்டும். மற்றொருவர் சுற்றி வந்து பார்த்துச் சொல்லட்டும். ஒரு காருக்கு ஒரு நிமிடம் போதும். நானும் வாசலில் நிற்கிறேன். விளக்குகளிடம் உயிர்ச்சான்றிதழ் வாங்க நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.